அண்மையில் வாசித்த இரு நூல்கள்

அருளுரைக்கு எடுத்துக்காட்டுத் தேடியே நூல்களை வாசிப்பது போதகர்களாகிய நம் பழக்கம். அப்பழக்கத்திற்கு இடங்கொடாத இரு நூல்களை அண்மையில் அடுத்தடுத்து வாசித்தேன்.

முதலாவது, 1992இல் மதுரையில் வெளியான பாமாவின் ‘கருக்கு’. ஏழைகளுக்குப் பணிசெய்ய விரும்பித் துறவற மடத்தில் சேர்ந்து, அதற்கு அங்கு வழியில்லை எனக் கண்டு வெளியேறிய தலித் பெண்ணின் தன்வரலாறு. பேச்சுத் தமிழிலேயே எழுதப்பட்டது. கூறியது கூறல் உண்டு. ஆயினும் ஆறாத புண்ணைப் பற்றிப் பேசுவோர் அவ்வாறுதான் பேசுவர்.

இரண்டாவது, இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994). தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் கிறிஸ்தவக் குடும்பத்தின் கதை. ‘கருக்கு’ திருச்சபையைக் குற்றஞ்சாட்டுகிறது. இந்நாவலோ ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் மேல் கீழ் உண்டெனக் காட்டுகிறது. ஒன்றை மட்டும் வாசித்தால் பாதியே விளங்கும்.

இவை கத்தோலிக்கர் கதைகள் என நாம் ஒதுங்கலாகாது. சாதியைத் துறவாதோர் சபை அங்கத்தினராயிருத்தல் கூடாதென மதுரை அமெரிக்க மிஷன் 1847இலேயே தீர்மானித்தது. நம் கல்லறைத் தோட்டங்களிலும் திருமணப் பேச்சுகளிலும் அத்தீர்மானம் நிறைவேறிற்றா? இக்கேள்வியோடு இவ்விரு நூல்களையும் வாசிக்குமாறு உடன் ஊழியரையும் மாணவரையும் வேண்டுகிறேன்.