தட்டு சுழலட்டும்

கைப்பேசியில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஒன்று முடியுமுன்னே விரல் அடுத்ததைத் தேடுகிறது. எல்.பி. இசைத்தட்டு அந்த அவசரத்துக்கு இடம் தராது. 12 அங்குலத் தட்டை உறையிலிருந்து உருவி, விளிம்பை மட்டும் பிடித்து வைத்து, தூசி துடைத்து, முள்ளை மெல்ல இறக்க வேண்டும். லேசான கரகரப்பு, பிறகு வீணை.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டில் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான். 1948இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் கொண்டுவந்த எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ முறை சுழன்று, பக்கத்துக்குச் சுமார் 20 நிமிடம் தந்தது. ஆலாபனைக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. ஸ்டீரியோ தட்டில், தலைமுடி அளவே உள்ள பள்ளத்தின் ஒரு சுவரில் இடப்பக்க ஒலி, மறுசுவரில் வலப்பக்க ஒலி. இரண்டையும் ஒரே முள் படிக்கிறது.

டிஜிட்டல் ஒலி இதைவிடத் துல்லியம்தான். ஆனால் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போடுகிறவர், இசைக்கென்றே நேரம் ஒதுக்கியவர். நல்ல சங்கீதத்துக்கு அந்த மரியாதை தகும்.