மரைக்காரின் குரலும் மாணவர் கமராவும்

யாழ்ப்பாணத்தில் மாணவர்கள் எடுக்கும் நகைச்சுவைக் குறும்படங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் முன்வைக்கப்படுவது வசதியின்மையே. நல்ல கமரா இல்லை, ஒலிவாங்கி இல்லை, பணம் இல்லை என்பார்கள். இவை பொய்யல்ல. ஆயினும் ஒரு நகைச்சுவைப் படம் தோற்பது பெரும்பாலும் கமராவினால் அல்ல, பேச்சினால்தான் என்பது என் கருத்து. அதிலும் முஸ்லிம் பாத்திரத்தின் பேச்சு இன்னும் தீராத சிக்கலாகவே இருக்கிறது.

முதலில் வசதியின்மையைப் பார்ப்போம். குடாநாட்டில் வெளியே படம் பிடிப்பவருக்குக் காற்றே முதல் எதிரி. சோளகம் வீசும் மாதங்களில் கைத்தொலைபேசியில் வசனத்தைவிடக் காற்றே அதிகம் பதியும். எஞ்சியதைத் தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரமும் ஒலிபெருக்கியும் விழுங்கிவிடும். நண்பகல் வெயிலில் கண்குழிகள் கறுத்து, சிரிக்கவேண்டிய முகம் அழுத முகமாகிவிடும். ஒரு காட்சியை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தால், நடிகர் இடையில் முடிவெட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

இவற்றுக்கெல்லாம் பரிகாரம் உண்டு. காலையிலும் மாலை நான்கு மணிக்குப் பின்னரும் படம் பிடிக்கலாம். பேசுபவரின் சட்டைப்பையில் இன்னொரு தொலைபேசியை வைத்து ஒலியைத் தனியே பதிந்து, தொடக்கத்தில் ஒரு கைதட்டலைக் குறியாகக் கொண்டு பின்னர் படத்தோடு பொருத்தலாம். ஒரு காட்சியை ஒரே நாளில் முடிக்கலாம். எதற்கும் பெருஞ்செலவு இல்லை. பொருளாதாரத் தடையால் பெற்றரி கிடைக்காத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மண் இது.

செலவே இல்லாத நகைச்சுவைக்கும் இங்கு முன்மாதிரி உண்டு. கே.எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ தனிநடிப்பில் பஸ் இல்லை, பயணிகள் இல்லை. ஒரே மனிதர், ஆனால் ஒரு பஸ் நிறைந்த யாழ்ப்பாணம் அவரது குரலில் ஏறி இறங்கியது. திரையில் ‘குத்துவிளக்கு’ம் (1972), தர்மசேன பத்திராஜவின் ‘பொன்மணி’யும் (1977) இம்மண்ணின் வாழ்வையும் பேச்சையும் நம்பி எடுக்கப்பட்டவை. இயக்குநர் சிங்களவராக இருந்தபோதும் ‘பொன்மணி’ சென்னைத் தமிழ் பேசவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

நகைச்சுவையில் இதைச் சாதித்தது ‘கோமாளிகள்’ (1976). இலங்கை வானொலி நாடகமாகப் புகழ்பெற்றுப் பின்னர் திரைக்கு வந்த அதில் மரைக்காராக எஸ். ராமதாஸ், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், உபாலியாக எஸ். செல்வசேகரன், ஐயராக பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோர் புகழ்பெற்றனர். முஸ்லிம் அல்லாத கலைஞர் முஸ்லிம் தமிழ் பேச, முஸ்லிம் கலைஞர் பிராமணத் தமிழ் பேசினார். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழும், உபாலி சிங்களவர் பேசும் தமிழும் பேசினர். நான்கு தமிழும் ஒன்றோடொன்று மோதியபோதும் எதுவும் மற்றதற்கு அளவுகோலாக நிறுத்தப்படவில்லை. எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்கள். நாமும் மனம் நோகாமல் சிரித்தோம்.

அந்தச் சமநிலைதான் இன்றைய மாணவர் படங்களில் காணாமற் போயிருக்கிறது. நான் பார்த்த சிலவற்றில் யாழ்ப்பாணத் தமிழே இயல்பு. எப்போதாவது வரும் முஸ்லிம் மட்டும் விநோதம். அவர் ஒன்று மரைக்காரின் நிழலாகப் பேசுகிறார், அல்லது தென்னிந்தியப் படத்துப் ‘பாய்’ ஆகி ‘நம்பள், நிம்பள்’ என்கிறார். இலங்கையில் எந்த முஸ்லிமும் அப்படிப் பேசுவதில்லை. கொழும்பு முஸ்லிமின் பேச்சு வேறு, அக்கரைப்பற்று முஸ்லிமின் பேச்சு வேறு, சோனகத் தெருவின் பேச்சு வேறு. வாப்பா, உம்மா, காக்கா என்று நாலு சொல்லைத் தூவிவிட்டால் அது முஸ்லிம் தமிழாகிவிடாது.

இதற்காக மாணவர்களை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அன்று அவர்களுடைய வீடும் பள்ளியும் கடையும் மட்டும் பறிபோகவில்லை. அந்த நகரின் காதிலிருந்து ஒரு தமிழும் போயிற்று. இன்று பல்கலைக்கழகத்தில் கமரா தூக்கும் மாணவன் அதற்குப் பின்னர் பிறந்தவன். அண்டை வீட்டில் கேட்டிராத குரலை அவன் சினிமாவிலிருந்துதான் எடுப்பான்.

காற்றுக்குப் பரிகாரம் இருப்பதுபோல் இதற்கும் உண்டு. திரும்பி வந்து குடியேறியவர்கள் சோனகத் தெருவில் வாழ்கிறார்கள். படப்பிடிப்புக்கு முன் வசனத்தை அங்கே கொண்டுபோய் ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். முடிந்தால் அவரையே நடிக்க வைக்கலாம். அவர் திருத்தும் முதல் வரியிலேயே எழுதியவர் எண்ணாத நகைச்சுவை பிறக்கக்கூடும்.

நமக்கும் இதில் கடமை உண்டு. புத்தளத்தில் முதுமையடையும் யாழ்ப்பாண முஸ்லிம்களின் பேச்சை நாம் எத்தனை பேர் பதிந்து வைத்திருக்கிறோம்? அவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது புத்தளத்துப் பேச்சே பேசுகிறார்கள். மரைக்காருக்கு ராமதாஸ் குரல் கொடுத்தது அன்றைய சாதனை. இனி எடுக்கப்படும் படங்களில் சோனகத் தெருவின் பிள்ளைகளும் கமராவுக்கு முன்னும் பின்னும் நிற்கவேண்டும். நம்மைப் பற்றிய நகைச்சுவையை நாமே எழுதத் தொடங்கவேண்டும்.