தாமதமாக வரும் சாட்சி

மகளின் பேறுகாலத்துக்காக ஊரிலிருந்து அமெரிக்காவின் கேட்டி நகருக்கு வரும் அம்மாக்கள், குழந்தையின் இரத்தப் பரிசோதனை முடிவையும் வாட்ஸ்அப்பில் ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். "சி.ஆர்.பி. 1.2 தானே, இங்கே 5 வரைக்கும் நார்மல்" என்று மதுரையிலிருந்து ஆறுதல் வருகிறது. ஆறுதல் சொல்பவர் அலகைப் பார்ப்பதில்லை. அமெரிக்க ஆய்வகங்கள் பலவும் டெசிலிட்டர் கணக்கில் அச்சிடுகின்றன; நம்மூரில் லிட்டர் கணக்கு. இங்கே 1.2 என்றால் அங்கே 12.

அலகைச் சரிசெய்தாலும் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? கிருமி புகுந்த செய்தி எட்டிய பிறகுதான் கல்லீரல் சி.ஆர்.பி. என்ற இந்தப் புரதத்தைச் சுரக்கத் தொடங்கும். இரத்தத்தில் அது தெளிவாக உயரப் பத்துப் பன்னிரண்டு மணி நேரமாவது ஆகும். பச்சிளங்குழந்தைக்கு வரும் செப்சிஸ் என்ற கடும் தொற்றோ சில மணி நேரத்திலேயே முற்றிவிடும். ஆகவே பிறந்தவுடன் எடுத்த சி.ஆர்.பி. சரியாக இருப்பதில் நிம்மதிக்கு இடமில்லை. நீண்ட பிரசவ வலி, தாய்க்குக் காய்ச்சல், மூச்சுத்திணறல் ஆகியவற்றாலும் அது உயரும் என்பதால், கூடியிருந்தாலும் தொற்று உறுதியாகிவிடாது. புரோகால்சிடோனின் என்ற இன்னொரு இரத்தக் குறியீடு இதைவிட வேகமானது. ஆனால் நலமான குழந்தைக்கும் முதல் இரண்டு நாள் அது தானாகவே ஏறி இறங்கும்.

இவை பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. மருந்தைத் தொடங்குவதைவிட நிறுத்துவதற்கே இவை உதவும். 2017இல் வெளியான நான்கு நாட்டு ஆய்வில், 1,710 குழந்தைகளில் புரோகால்சிடோனினைப் பார்த்து முடிவெடுத்த பிரிவுக்கு ஆன்டிபயாடிக் 65 மணி நேரத்திலிருந்து 55 ஆகக் குறைந்தது. மறுதொற்று மிக அரிதாக இருந்ததால், அந்த முறை எவ்வளவு பாதுகாப்பானது என்பதை ஆய்வால் உறுதிப்படுத்த முடியவில்லை. பாராட்டும்போது இதையும் சொல்ல வேண்டும்.

அதே ஆண்டு வட கலிஃபோர்னியாவின் கைசர் பெர்மனெண்டே மருத்துவமனைகளிலிருந்து வந்த முடிவு என்னை இன்னும் யோசிக்க வைத்தது. கர்ப்ப வாரம், தாயின் காய்ச்சல், பனிக்குடம் உடைந்து எவ்வளவு நேரம், தாயிடம் ஜி.பி.எஸ். (குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்) கிருமி உண்டா, பிரசவத்தின்போது தாய்க்குத் தந்த ஆன்டிபயாடிக், இவற்றோடு குழந்தையின் நிலை. செப்சிஸ் ஆபத்தைக் கணக்கிடும் அவர்களுடைய கணிப்பான் முக்கியமாகக் கேட்பது இவற்றைத்தான்; இரத்தக் குறியீடு ஒன்றுகூட இல்லை. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிறப்புகளைப் பார்த்ததில், கணிப்பான் வந்த பிறகு, முதல் நாளில் ஆன்டிபயாடிக் பெற்ற குழந்தைகளின் பங்கு 5.0 சதவீதத்திலிருந்து 2.6 ஆகவும், பிளட் கல்ச்சர் (இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்கப்பட்டவர்களின் பங்கு 14.5இலிருந்து 4.9 ஆகவும் குறைந்தன. கல்ச்சரில் உறுதியான தொற்றோடு திரும்பி வந்த குழந்தைகள் கூடவில்லை.

ஆனால் இதை அப்படியே இந்தியாவுக்கு எடுத்துச் செல்ல முடியாது. அமெரிக்காவில் பிறந்த சில நாளில் வரும் செப்சிஸ் ஆயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. டெல்லியின் மூன்று மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 13,530 குழந்தைகளில் 6.2 சதவீதத்தினருக்குக் கல்ச்சரில் தொற்று உறுதியானது. சேர்க்கப்பட்ட குழந்தைகளையும் எல்லாப் பிறப்புகளையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். இருந்தாலும், நோய் அரிதான இடத்தில் பெரும்பாலும் பொய் எச்சரிக்கையாகும் ஓர் எண், நோய் மலிந்த இடத்தில் உயிரைக் காக்கலாம். ஆய்வகத் தாள் இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை.

அடுத்த முறை அந்தத் தாளை ஊருக்கு அனுப்புமுன் மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இது பிறந்த எத்தனையாவது மணியில் எடுத்தது? மறுபடி எப்போது எடுப்பீர்கள்? கல்ச்சருக்குக் குறைந்தது ஒரு மில்லி இரத்தமாவது எடுத்தீர்களா? குழந்தை பால் குடிக்கச் சோர்ந்தாலோ மூச்சு வேகமானாலோ, எண்ணுக்காகக் காத்திருக்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள்.