நட்சத்திரங்களின் உணவு நூல்களும் நம் வாழையிலையும்

உடல் இளைக்க வழி சொல்லும் நூல்களின் வரலாறு பெரும்பாலும் லண்டன் வில்லியம் பான்டிங்கிடமிருந்து தொடங்கும். இறுதிச் சடங்குகளை நடத்தித் தருவது அவர் தொழில். மருத்துவர் வில்லியம் ஹார்வி சொன்னபடி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் விலக்கி, ஓராண்டில் 46 பவுண்டு குறைந்தார். அந்த அனுபவத்தைச் சொல்லும் அவருடைய சிறு பிரசுரம் 1863இல் வந்தது. 1972இல் அட்கின்ஸ் எழுதிய நூலும், அண்மையில் நியாண்டர் செல்வன் தமிழில் பரப்பிய பேலியோ உணவுமுறையும் மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லும் அதே வழியில் வந்தவைதான்.

நடிகை கிரேட்டா கார்போவின் உணவு ஆலோசகர் என்ற பெயரே கெலார்ட் ஹௌசருக்கு மூலதனம். 1950இல் வந்த 'லுக் யங்கர், லிவ் லாங்கர்' நூலில் அவர் அதிசய உணவுகளாகப் போற்றியவற்றில் தயிரும் உண்டு, கரும்பாலையில் எஞ்சும் கறுத்த பாகும் உண்டு. பாகின் பெருமை வரம்பு மீறியதால், கடையில் அதோடு சேர்த்து வைத்திருந்த பிரதிகளை 1951இல் அமெரிக்க அரசு பறிமுதல் செய்தது. பிறகு 1981இல் நடிகை ஜேன் ஃபோண்டாவின் நூல் வந்தது. 2009இல் நடிகை கரீனா கபூரின் ஆலோசகர் ருஜுதா திவேகரின் நூல். இவர்களில் திவேகரை நான் மதிக்கிறேன். நெய்யையும் சோற்றையும் பயமில்லாமல் உண்ணலாம் என்று துணிந்து எழுதியவர் அவர்.

நம் மலேசிய மண்ணை மிதித்தவர் ஒருவரும் இந்த வரிசையில் உண்டு. பத்தமடை குப்புசுவாமி 1913இல் மலாயா வந்து, சிரம்பான் அருகே ஒரு தோட்ட மருத்துவமனையிலும் பிறகு ஜொகூர் பாருவிலும் பணியாற்றினார். 1923இல் தாயகம் திரும்பித் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார். அவர் எழுதிக் குவித்தவற்றில் அளவான உணவுக்கும் உபவாசத்துக்கும் பெரிய இடம் உண்டு. ஹௌசர் இளமையைக் காட்டி அழைத்தார். சிவானந்தர் உணவை ஒழுக்கமாகப் பார்த்தார். நோயாளிகளோடு பத்தாண்டு பழகியவரின் சொல் எனக்குக் கனமாகப் படுகிறது.

இன்று பிரிக்ஃபீல்ட்ஸிலும், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் வாழையிலையில் சோறு கேட்கக் கேட்க வருகிறது. விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய தாத்தாவுக்கு அது தகும். நாள் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு, கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும் குடிக்கும் பேரனுக்கு அது மிகுதி. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஆசிய உடலுக்கு உடல் நிறைக் குறியீடு 23ஐ எட்டும்போதே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. ஹாலிவுட் நூல்கள் நினைத்துப் பார்த்த உடல் இதுவல்ல.

இங்கே சொன்ன எந்த நூலும் நம் இலையை அளந்து எழுதப்பட்டதில்லை. மலேசியத் தமிழ் உணவியலாளர்களே, ரொட்டி சானாய், நாசி லெமாக், கோயில் அன்னதானம், தீபாவளிப் பலகாரம் என ஒவ்வொன்றுக்கும் அளவு சொல்லித் தமிழில் ஒரு நூல் எழுதுங்கள். நட்சத்திரத்தின் முன்னுரை அதற்கு வேண்டாம்.