பெண்கள் பள்ளிப் புனைவுகளில் அறத்தொடு நிற்றல்

முன்னுரை

பெண்கள் பள்ளியையும் அதனைச் சார்ந்த விடுதியையும் களமாகக் கொண்ட புனைவுகளில், பெண் மீது பெண் கொள்ளும் இளம்பருவக் காதல் ஒரு தனிப்பொருளாக இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே இடம்பெற்று வருகின்றது. இப்படைப்புகளைப் பற்றிய உரையாடல் பெரிதும் ‘அது காதலா, நட்பா, பருவ மயக்கமா’ என்னும் வினாவைச் சுற்றியே நிகழ்கின்றது. இவ்வினா மாணவியின் உள்ளத்தைச் சோதனைப் பொருளாக்கிவிட்டு, அவளைச் சூழ்ந்திருப்போரின் செயலைக் கணக்கில் கொள்ளாது விடுகின்றது. இத்தகைய கதைகளின் முடிவைத் தீர்மானிப்பது காதலின் தன்மையன்று. அக்காதல் வெளிப்பட்டபின் உடன்பயில்வோர் என்ன செய்கின்றனர் என்பதே. இக்கருத்து ஒரு ஜெர்மானியத் திரைப்படம், ஓர் உருது நாவல், ஒரு மலையாளத் திரைப்படம் ஆகிய மூன்றன் வழி ஈண்டு ஆராயப்படுகின்றது. அகப்பொருள் இலக்கணம் கூறும் ‘அறத்தொடு நிற்றல்’ ஆய்வுக்குரிய அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது.

அளவுகோல்

களவொழுக்கம் பிறர்க்குப் புலனாகும் நிலையில் அகப்பாடல்களில் மூன்று நிகழ்வுகள் தலைவியைச் சூழ்கின்றன. ஊரார் தூற்றும் அலர் ஒன்று; இல்லத்திலேயே அவளை அடைத்து வைக்கும் இற்செறிப்பு மற்றொன்று; அவளது மெலிவு முருகு அணங்கியதால் வந்ததெனக் கருதித் தாய் வேலனை அழைத்து நிகழ்த்தும் வெறியாட்டு மூன்றாவது. வெறியாட்டில் காதல் நோயாகப் பிழைபடப் பொருள்கொள்ளப்படுகின்றது. இப்பிழையைத் திருத்தத் தோழி செவிலிக்கு உண்மையை உணர்த்துகின்றாள். இதுவே அறத்தொடு நிற்றல். தொல்காப்பியப் பொருளியல் இதனை எழுவகையாகப் பகுத்துரைக்கின்றது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு, 261 அடிகளிலும் இத்துறையையே பாடுகின்றது.

இவ்வளவுகோலை ஏற்பதில் தடை ஒன்று எழலாம். அகத்திணை ஆணும் பெண்ணும் கொள்ளும் ஒத்த காதலைப் பேசுவது. அதனைப் பெண்–பெண் காதலுக்குப் பொருத்துவது எங்ஙனம் என வினவலாம். பழந்தமிழர் அத்தகைய காதலை ஏற்றனர் என்று நிறுவுவது இவ்வாய்வின் நோக்கமன்று. வெளிப்படுத்தல் என்பது தனி ஒருத்தியின் செயலன்று, அவளோடு நிற்பவளின் அறச்செயல் என்னும் அமைப்பே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது. ஒரு வேறுபாட்டையும் மறத்தல் ஆகாது. அகப்பாடலில் உண்மை தலைவியிடமிருந்து தோழிக்கும், தோழியிடமிருந்து செவிலிக்கும், செவிலியிடமிருந்து நற்றாய்க்கும், அவளிடமிருந்து தந்தைக்கும் தமையர்க்கும் என மேல்நோக்கிச் செல்கின்றது. முடிவில் திருமணம் உண்டு. பள்ளியிலோ மேலிருப்பவர் தண்டிப்பவர். ஆதலின் அங்கு உண்மை ஆயத்தாரிடையே பக்கவாட்டில் பரவினாலன்றிக் காப்பு இல்லை.

ஆயம் திரண்ட கதை

கிறிஸ்டா வின்ஸ்லோவின் நாடகத்தைத் தழுவி லியோன்டீன் சாகன் இயக்கிய ‘மெட்ஷென் இன் உனிஃபோர்ம்’ (சீருடைச் சிறுமியர்) 1931இல் வெளிவந்தது. நடித்தோர் அனைவரும் பெண்கள். பிரஷ்யப் படை அதிகாரிகளின் மகளிர் பயிலும் போட்ஸ்டாம் விடுதிப் பள்ளி கதைக்களம். தாயை இழந்த மனுவேலா, கனிவுடைய ஒரே ஆசிரியையான ஃபான் பெர்ன்புர்க்கின் மீது காதல் கொள்கின்றாள். தலைமையாசிரியையின் பிறந்தநாளில் ஷில்லரின் ‘டோன் கார்லோஸ்’ நாடகத்தில் ஆண் வேடமேற்று நடித்தபின், விருந்து மயக்கத்தில் அக்காதலை அனைவர் முன்னும் அறிவிக்கின்றாள். தலைமையாசிரியை அவளைத் தனிமைப்படுத்தி, ஒருவரும் அவளோடு பேசலாகாது என ஆணையிடுகின்றார். அலரும் இற்செறிப்பும் ஒரே ஆணைக்குள் அடங்குகின்றன.

இப்படத்தின் திறம் காதலையும் பசியையும் ஒரே இழையில் கோத்ததில் உள்ளது. பசியே பிரஷ்யரை மேன்மையுறச் செய்யும் என்பது தலைமையாசிரியையின் கொள்கை. மாணவி ஒருத்தி பள்ளி உணவைப் பற்றிய முறையீட்டை மறைவாக வீட்டுக்கு அனுப்ப முயன்று, நாடகத்தில் நடிக்கும் வாய்ப்பை இழக்கின்றாள். உணவை மறுக்கும் அதிகாரமும் அன்பை மறுக்கும் அதிகாரமும் வேறல்ல என்பதை மாணவியர் சொற்பொழிவின்றி உணர்கின்றனர். ஆதலின் மனுவேலா உயிர்விடத் துணிந்து மாடிப்படியின் உச்சிக்குச் செல்லும்போது அவர்கள் ஆணையை மீறித் தேடுகின்றனர். அவள் பெயரைக் கூவி அழைக்கின்றனர். பற்றி இழுத்து மீட்கின்றனர். தலைமையாசிரியை தளர்ந்த நடையில் படியிறங்கிச் செல்வதோடு படம் முடிகின்றது.

இங்கு ஒப்பீடு ஒன்று இன்றியமையாதது. 1930இல் லைப்சிக்கில் அரங்கேறிய மூலநாடகத்தில் மனுவேலா இறக்கின்றாள். 1933இல் வின்ஸ்லோ எழுதிய நாவலிலும் அவள் இறக்கின்றாள். பள்ளி ஒன்றே, காதல் ஒன்றே, அறிவிப்பும் ஒன்றே. திரைப்படத்தில் மாறியது மாணவியரின் செயல் மட்டுமே. முடிவைத் தீர்மானிப்பது ஆயம் என்னும் கருத்துக்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. ஆசிரியை அதிகாரமும் பொறுப்பும் உடையவர்; மாணவியின் காதல் நிறைவேற வேண்டும் என்பது படத்தின் கோரிக்கையும் அன்று. அதனை உரைத்ததற்காக ஒருத்தி அழிக்கப்படலாகாது என்பதே அக்கோரிக்கை.

சந்திக்காத இரு பாதைகள்

இஸ்மத் சுக்தாய் 1940களில் எழுதிய ‘டேடி லகீர்’ (கோணல் கோடு) இப்பொருளை வேறு வகையில் அணுகுகின்றது. நாயகி ஷம்மன் விடுதிப் பள்ளியில் ஆசிரியை மிஸ் சரண் மீது பெரும் பற்றுக் கொள்கின்றாள். தன்மீது பற்றுக்கொண்ட ரசூல் பாத்திமாவை வெறுத்து ஒதுக்குகின்றாள். பின்னர் நஜ்மாவின்பால் ஈர்க்கப்படுகின்றாள். விரும்புதல், விரும்பப்படுதல், வெறுத்தல் ஆகிய மூன்றையும் ஒரே மாணவியின் வாழ்வில் காட்டியது சுக்தாயின் தனிச்சிறப்பு. அலிகரில் பயின்றும், பின்னர்ப் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியையாகப் பணியாற்றியும் பெற்ற பட்டறிவு இப்பகுதிகளுக்கு உரமாகியது எனலாம்.

நாவலின் பிற்பகுதியில் ஷம்மன் தேசிய, முற்போக்கு இயக்கச் சூழலுக்குள் நுழைகின்றாள். தானே ஒரு பள்ளியின் தலைமையையும் ஏற்கின்றாள். ஆயினும் விடுதிக் காதலும் இயக்க அரசியலும் நாவலில் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. நாட்டின் அடிமைநிலையை வினவும் இளைஞர் கூட்டம் விடுதியின் இரவுகளைப் பற்றி வினவுவதில்லை. காதல் சிறுமிப்பருவத்துக்கும் அரசியல் வளர்ந்த பருவத்துக்கும் உரியன எனப் பங்கிடப்படுகின்றன. இது நாவலின் குறையெனத் தோன்றலாம். அக்காலத்து இயக்கங்களின் குறையை நாவல் உள்ளபடியே பதிவு செய்தது எனக் கொள்வதே பொருந்தும். ஷம்மன் முற்றும் தனித்து விடப்படுவதற்கு அவளோடு நிற்கும் ஒரு தோழியும் இன்மையே காரணமாகின்றது.

சுக்தாயின் ‘லிஹாஃப்’ (1942) சிறுகதை மீது லாகூர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட ஆபாச வழக்கும் இங்கு நினைக்கத்தக்கது. ஆபாசச் சொல் எனக் கதையிலிருந்து ஒன்றையும் சுட்டிக்காட்ட இயலாமையால் வழக்கு நிலைக்கவில்லை. சொல் இன்மை ஆசிரியரைக் காத்தது. அதே சொல் இன்மை ஷம்மனைக் காக்கவில்லை. தனக்கு நேர்ந்ததைத் தோழியிடம் உரைக்க அவளிடம் ஒரு பெயரும் இல்லை.

இருவர் மட்டும் நடத்திய எதிர்ப்பு

பத்மராஜனின் ‘தேசாடனக்கிளி கரயாறில்ல’ (1986) படத்தில் சாலி, நிம்மி என்னும் பள்ளி மாணவியர் இருவர், தம்மை இழிவுபடுத்திய ஆசிரியை தேவிகாவைப் பழிவாங்கக் கருதி, பள்ளிச் சுற்றுலாவின்போது தப்பிச் செல்கின்றனர். கூந்தலைக் குறைத்து, உடையை மாற்றி நகரில் மறைந்து வாழ்கின்றனர். இப்படம் அவர்களின் உறவுக்குப் பெயரிடுவதில்லை. பெண்–பெண் காதலாகக் காணும் வாசிப்பு பிற்காலத்தில் வலுப்பெற்றது. ஹரிசங்கர் என்னும் ஆடவன் மீது நிம்மியின் மனம் திரும்புவதும், அது ஏமாற்றமாக முடிவதும், ஈற்றில் இருவரும் சேர்ந்தே உயிர்நீப்பதும் கதை.

இங்கும் எதிர்ப்பு உண்டு. ஆனால் அது இருவரின் எதிர்ப்பு. உடன் வந்த மாணவியர் கதையின் போக்கை மாற்றும் வலிமை அற்றவராய்ப் பின்தங்கிவிடுகின்றனர். பள்ளிக்குள் நிகழ்ந்திருக்க வேண்டிய முறையீடு, பள்ளியை விட்டு ஓடுதலாகச் சுருங்குகின்றது. அறத்தொடு நிற்பார் இல்லாத இடத்தில் உடன்போக்கே எஞ்சுகின்றது. உடன்போக்கை ஏற்கும் ஊரும் இல்லாதபோது சாவு எஞ்சுகின்றது. 2004இல் லிஜி புல்லப்பள்ளி இயக்கிய ‘சஞ்சாரம்’ இம்முடிவை மறுத்தது. அதில் கிரண் அருவி விளிம்பிலிருந்து திரும்புகின்றாள். திருமணத்தை விட்டு வெளியேறிய டிலைலா அவள் பெயரைக் கூவுகின்றாள். எனினும் அக்குரலும் தனிக்குரலே.

சொல்லும் எல்லையும்

புனைவு காட்டிய நிகழ்ச்சிகள் புனைவோடு நின்றுவிடவில்லை. 2018 மார்ச்சில் கொல்கத்தாவின் பெண்கள் பள்ளி ஒன்றில் பத்து மாணவியர் பெண்–பெண் காதல் ஈடுபாட்டை எழுதி ஒப்புக்கொள்ளச் செய்யப்பட்டனர் என்பதை எதிர்த்துப் பெற்றோர் திரண்டனர். ‘எம் மகள் அத்தகையவள் அல்லள்’ என மறுப்பது எளிது. ‘அத்தகையவளாயினும் அவளை இழிவுபடுத்தலாகாது’ என்பதே அறத்தொடு நிற்றலாகும். அதே ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு வயதுவந்தோரின் உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. பள்ளி மாணவியர்க்கு வேண்டுவதோ வேறு: அலருக்கும் இற்செறிப்புக்கும் ஆளாகாமல் பயிலும் உரிமை. 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் சுஷ்மா வழக்கில் பிறப்பித்த ஆணைகளைத் தொடர்ந்து, இயல்பை ‘மாற்றும்’ மருத்துவம் தொழில்முறைத் தவறென 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. வேலனின் வெறியாட்டு வெண்ணிற மேலங்கி அணிந்து நம் காலம்வரை தொடர்ந்தது என்பதற்கு இவ்வறிவிப்பே சான்று.

அவ்வழக்கின் வழியே இழிவுபடுத்தாத தமிழ்ச் சொற்களின் பட்டியல் ஒன்றும் 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசிதழில் வெளியாயிற்று. ஆனால் அரசிதழின் ஆட்சி மாநில எல்லையோடு நிற்பது. தமிழின் வடவெல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் சுட்டும் வேங்கடம் இன்று ஆந்திரத்தில் உள்ளது. 1983இல் தோன்றிய பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் உட்படப் பல கல்வி நிறுவனங்களைக் கொண்ட திருப்பதியிலும், அண்டையிலுள்ள சித்தூரிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் வாழ்கின்றன. அங்குள்ள மாணவி ஒருத்திக்கு ‘தன்பாலீர்ப்பு’ என்னும் சொல்லை அரசாணை கொண்டு சேர்க்காது. இலக்கியமே சேர்க்க வேண்டும்.

முடிவுரை

மூன்று படைப்புகளிலும் பள்ளி அஞ்சுவது காதலையன்று. காதலை முன்னிட்டு மாணவியர் ஒருவரையொருவர் விட்டுக்கொடாது நிற்பதையே அது அஞ்சுகின்றது. ஆயம் திரண்ட இடத்தில் மனுவேலா வாழ்கின்றாள். ஆயம் இல்லாத இடத்தில் ஷம்மன் தனித்துவிடப்படுகின்றாள், சாலியும் நிம்மியும் மடிகின்றனர். திருநங்கையரின் வாழ்வைச் சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ (1994) வழித் தமிழ் நாவல் எதிர்கொண்டது. பெண்கள் விடுதியின் இக்காதலை எழுத முன்வருவோர்க்கு வேண்டிய இலக்கணம் தமிழில் முன்னரே உள்ளது. தலைவியின் உள்ளத்தை ஆய்வதோடு நில்லாது, ‘தோழி எங்கே’ எனக் கேட்பதே அவ்வெழுத்தின் தொடக்கமாகும்.