காஸ்டோலோவுக்கு வயதாகிறது

காஸ்டோலோ என்றொரு முன்கள வீரர். எந்த நாட்டின் கால்பந்து வரலாற்றிலும் அவர் பெயர் கிடையாது. கோனாமி நிறுவனத்தின் ‘புரோ எவல்யூஷன் சாக்கர்’ விளையாட்டில் மாஸ்டர் லீக் என்ற ஆட்டமுறையைத் தொடங்குகிறவர் கையில் முதலில் தரப்படும் கற்பனை அணியில் அவர் இருப்பார். நடுக்களத்தில் மினாண்டா, கோல்கம்பத்தில் இவரோவ். யாரிடமும் சொல்லிக்கொள்ளும்படியான திறமை இல்லை. பந்து காலில் ஒட்டாது. கடைசிப் பத்து நிமிடத்தில் ஓட்டம் நடையாகிவிடும். இரண்டாம் டிவிஷனில்தான் தொடக்கம். வென்றால் புள்ளிகள் கிடைக்கும். அந்தப் புள்ளிகள்தான் பணம். சீசன் முடிவில் அதிலிருந்து எல்லோருக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். கையிருப்பு போதாவிட்டால் அத்தோடு ஆட்டமே முடிந்தது.

பிளேஸ்டேஷன் 2 வைத்து மணிக்கணக்கில் காசு வாங்கிய ஒரு கடையில்தான் இந்த அணி எனக்குப் பழக்கமானது. கடையின் மெமரி கார்டில் சேமித்தால் அடுத்து வருகிறவர் அதன்மேல் தன் ஆட்டத்தைச் சேமித்துவிடுவார். அப்படி ஒன்றரை சீசனை இழந்த பிறகு, எட்டு எம்.பி. கார்டு ஒன்றைச் சொந்தமாக வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவேன். அதற்குள் என் அணி இருந்தது. மூன்றாவது சீசனில் காசு சேர்ந்து நல்ல முன்கள வீரர் ஒருவரை வாங்கியபோது, காஸ்டோலோவை வெளியே உட்காரவைக்க மனம் வரவில்லை. அவருடைய வேகம் குறையத் தொடங்கியிருந்தது. கற்பனை வீரர் ஒருவருக்கு வயதாவதைப் பார்த்து வருந்த முடியும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

கால்பந்து வீடியோ கேம்களை ஒப்பிடுகிறவர்கள் முகச்சாயல், புல்வெளியின் பளபளப்பு, அதிகாரபூர்வ உரிமம் ஆகியவற்றைப் பேசுவார்கள். உரிமம் என்று பார்த்தால் மாஸ்டர் லீக் பரிதாபமானது. லிவர்பூல் அணி அதில் ‘மெர்சிசைட் ரெட்’ என்ற பெயரில்தான் வந்தது. ‘மோட்’ என்று ஆடுகிறவர்கள் சொல்லும் ஆட்டமுறைகளை எடைபோட எனக்கு வேறோர் அளவுகோல் இருக்கிறது. அதற்குள் காலம் எப்படி நகர்கிறது? வீரர் மூப்படைகிறாரா? தோற்றது தோற்றதாகவே நிற்கிறதா? கால்பந்தை நேசிக்கிறவன் தொண்ணூறு நிமிடத்தோடு எழுந்துபோய்விடுவதில்லை. போன ஆண்டு இறுதியில் விட்ட பெனால்டி இந்த ஆண்டும் அவனுக்கு வலிக்கிறது. அந்த நீண்ட நினைவுக்கு இடம் தருகிற ஆட்டமுறையே கால்பந்தை உண்மையாகப் புரிந்துகொண்டது என்பது என் கட்சி.

இதற்கு நேரெதிரே நிற்பது இ.ஏ. நிறுவனத்தின் அல்டிமேட் டீம். 2009 மார்ச்சில் ‘ஃபிஃபா 09’ விளையாட்டுக்குத் தனி விலையுள்ள இணைப்பாக வந்து, சில ஆண்டுகளிலேயே மற்ற ஆட்டமுறைகளை ஓரங்கட்டிவிட்டது. இங்கே வீரர் என்பவர் ஓர் அட்டை. அட்டைகள் மூடிய ‘பேக்’குகளில் வரும். ஆடிச் சேர்த்த நாணயத்திலும் பேக் வாங்கலாம், உண்மைப் பணத்திலும் வாங்கலாம். வாங்கிய அட்டையைச் சந்தையில் ஏலம் விடலாம்.

இதன் சிறப்புகளை மறைத்துப் பேசுவது நியாயமல்ல. முதலாவது, எதிரில் ஆடுவது மனிதர். கணினி அணியைத் தோற்கடிக்க நான்கு உத்திகளை மனப்பாடம் செய்தால் போதும். மனிதர் நம் பழக்கத்தைக் கண்டுபிடித்து அதையே நமக்கு எதிராகத் திருப்புவார். இரண்டாவது, ‘கெமிஸ்ட்ரி’ விதி. ஒரே நாடு, ஒரே லீக், ஒரே கிளப் என்ற உறவுகள் இருந்தால்தான் அணி முழுத் திறனுடன் ஆடும். அதனால் பெயர் பெற்றவர்களைக் குவித்தால் மட்டும் போதாது. போர்ச்சுகல் லீக்கில் இடது பின்கள வீரர் யார், துருக்கியில் யார் என்று தேடியாக வேண்டும். இங்கிலாந்து லீக்கை மட்டுமே தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த எத்தனையோ பேருக்கு உலகக் கால்பந்தின் வரைபடத்தை விரித்துக்காட்டியது இந்த விதிதான். மூன்றாவது, காலங்களைக் கலக்கும் கற்பனை. ‘ஃபிஃபா’ தொடரின் தொடர்ச்சியாக 2023 செப்டம்பரில் வந்த ‘இ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி. 24’ பெண் வீரர்களையும் ஆண் வீரர்களையும் ஒரே அணியில் ஆடவிட்டது. ஐத்தானா போன்மத்தி கொடுத்த பந்தை ஜினேதின் ஜிதான் வாங்கி ஆடுவதை வேறெங்கே பார்க்க முடியும்?

ஆனால் இந்த அட்டைகளுக்கு வயதாவதில்லை, மதிப்பு மட்டும் போய்விடுகிறது. அதே வீரரின் வலுவான பதிப்பு அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். நேற்று பாடுபட்டு வாங்கியவர் இன்று சந்தையில் பாதி விலைக்குப் போவார். ஆண்டுதோறும் புது விளையாட்டு வரும்போது சேர்த்த அணியைப் பழையதிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு தொடங்க வேண்டும். காஸ்டோலோவின் மூப்பு ஒரு கதையாக இருந்தது. இங்கே நடப்பது கழித்துக்கட்டல்.

பேக் திறக்கும் கணத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2003இல் லாட்டரி தடைசெய்யப்படும் முன் பெட்டிக்கடை வாசலில் நின்று சுரண்டல் சீட்டைக் காசு விளிம்பால் தேய்த்தவர்களின் முகத்தில் இருந்த அதே எதிர்பார்ப்புத்தான் திரையின் முன் அமர்ந்திருக்கும் பதின்மூன்று வயதுப் பையன் முகத்திலும். முதலில் ஒளிக்கீற்று, அடுத்து நாட்டுக்கொடி, பிறகு ஆடும் இடம், கடைசியில் முகம் என்று ஆசையை நீட்டி நீட்டி ஏமாற்றத்தைத் தரும் வித்தை அது. ‘ஃபிஃபா 19’ முதல் வாய்ப்பு விகிதம் வெளியிடப்படுகிறது. ஆனால் மிக அரிய அட்டைகளுக்கு ‘ஒரு சதவீதத்துக்கும் குறைவு’ என்று மட்டுமே போடுவார்கள். நூற்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவா, பத்தாயிரத்தில் ஒன்றா என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது.

பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் இதைச் சூதாட்டம் என்றது. 2019 ஜனவரி இறுதியில் பேக் வாங்க உதவும் பாயின்ட்டுகளைப் பணத்துக்கு விற்பதை இ.ஏ. அங்கே நிறுத்தியது. நெதர்லாந்தில் ஒரு கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் 2022 மார்ச்சில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பேக் திறப்பது தனி ஆட்டமல்ல, திறமையால் ஆடும் பெரிய ஆட்டத்தின் ஒரு பகுதி என்பது தீர்ப்பின் சாரம். சட்ட நுணுக்கத்தில் அது சரியாகவே இருக்கட்டும். பணம் கொடுத்து, என்ன வரும் என்று தெரியாமல், வந்ததைப் பார்த்து மீண்டும் பணம் கொடுக்கும் ஓர் ஏற்பாட்டைச் சிறுவர்கள் ஆடும் விளையாட்டின் நடுவில் வைப்பது தவறு என்றே நான் கருதுகிறேன். 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் தன் விளையாட்டுகளின் அல்டிமேட் டீம் பகுதிகளிலிருந்து மட்டும் இ.ஏ. ஈட்டியது 162 கோடி டாலர். மொத்த நிகர வருவாயில் ஏறத்தாழ 29 சதவீதம்.

பணம் மட்டுமல்ல, நேரமும் இப்படித்தான் போகிறது. ‘ஃபிஃபா 17’ அறிமுகப்படுத்திய வார இறுதிப் போட்டியில் ஒருவர் 40 ஆட்டங்கள் வரை ஆடலாம். ஒரு பாதிக்கு ஆறு நிமிடம் என்றால் பந்து உருள்வதற்கே எட்டு மணி நேரம். காத்திருப்பையும் இடைவேளையையும் சேர்த்தால் சனி, ஞாயிறு இரண்டும் கரைந்துவிடும். பின்னர் 30, 20 என்று குறைத்தார்கள். குறைக்க வேண்டிவந்ததே அதன் சுமையைச் சொல்கிறது.

வருமானம் ஓரிடத்தில் குவிந்தால் கவனமும் அங்கேதான் குவியும். அதே விளையாட்டில் இருக்கும் கேரியர் மோடில் வீரர்களுக்கு வயதாகிறது, ஓய்வு பெறுகிறார்கள், இளைஞர்கள் வளர்கிறார்கள். 2021 அக்டோபரில் வந்த ‘ஃபிஃபா 22’ இந்தியன் சூப்பர் லீக்கைச் சேர்த்தபோது சென்னையின் எஃப்.சி.யை எடுத்து நடத்தும் வாய்ப்பு முதன்முறையாகக் கிடைத்தது. அந்த நீலச் சட்டையைத் திரையில் கண்ட மகிழ்ச்சி எனக்கு இன்றும் மாறவில்லை. ஆனால் கேரியர் மோடின் எலும்புக்கூடு பல்லாண்டுகளாக அப்படியே இருக்கிறது. பேரம் பேசும் காட்சிகள் ஒன்றேபோல வருகின்றன, கணினி அணிகள் தேவையில்லாத இடத்துக்கு நட்சத்திரங்களை வாங்கிக் குவிக்கின்றன. ‘ஃபிஃபா 17’ முதல் மூன்று ஆண்டுகள் ஓடிய ‘தி ஜர்னி’ என்ற கதைமுறையில் முயற்சி இருந்தது. லண்டன் பையன் அலெக்ஸ் ஹன்டரும் அவனுடைய தாத்தாவும் மனத்தில் நிற்கும் பாத்திரங்கள். ஆனால் முதல் பாகத்தில் நாம் எத்தனை கோல் அடித்தாலும் கீழ் டிவிஷன் அணிக்கு அவனைக் கடனாக அனுப்பிவிடுவார்கள். கதை முன்பே எழுதி முடிந்திருந்தது. கோனாமியின் கதை இன்னும் வருத்தமானது. 2021இல் தன் தொடரை ‘ஈஃபுட்பால்’ என்ற இலவச விளையாட்டாக மாற்றியபோது மாஸ்டர் லீக்கையே கைவிட்டது.

காலத்தை முழுமையாக எடுத்துக்கொண்டது இன்னொரு விளையாட்டுக் குடும்பம். 1982இல் கெவின் டாம்ஸ் என்ற ஆங்கிலேயர் ‘ஃபுட்பால் மேனேஜர்’ எழுதினார். பத்தாண்டு கழித்து பால், ஆலிவர் காலியர் என்ற சகோதரர்கள் ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’ கொண்டுவந்தார்கள். வெளியீட்டாளரைப் பிரிந்த பிறகு அவர்களுடைய ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் நிறுவனம் 2004 முதல் ‘ஃபுட்பால் மேனேஜர்’ என்ற பழைய பெயரில் அதைத் தொடர்கிறது. இங்கே நாம் பந்தைத் தொடுவதே இல்லை. யாரை வாங்குவது, எப்படி நிறுத்துவது, யாரிடம் என்ன பேசுவது என்பதோடு நம் வேலை முடிந்தது. 2003க்கு முன்பு ஆட்டத்தைக் காட்ட ஒரு புள்ளிகூட இல்லை, எழுத்து வரிகள் மட்டுமே மின்னின. வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் சுவை உடனே பிடிபடும். ‘வலது ஓரத்திலிருந்து உயர்த்தி அடிக்கிறார்’ என்ற ஒற்றை வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் மனமே மைதானமாகிவிடும். இன்றைய முப்பரிமாணக் காட்சியில் அந்தப் பதற்றம் பாதிகூட இல்லை.

இதன் பலம் விளைவுகளின் நீளத்தில் இருக்கிறது. இன்று கோபத்தில் ஒரு வீரரைக் கடிந்தால், இரண்டு மாதம் கழித்து அவருடைய நண்பர்கள் மூவர் முகம் திருப்புவார்கள். இன்று பயிற்சிக்கூடத்தில் போட்ட பணம் ஆறு ஆண்டு கழித்து ஒரு பதினாறு வயதுப் பையனாக வந்து நிற்கும். 2016இல் வந்த பதிப்பு பிரெக்ஸிட்டின் பல்வேறு முடிவுகளைக்கூட ஆட்டத்துக்குள் கொண்டுவந்தது. வெளிநாட்டு வீரரை வாங்கும் விதி ஒருவருடைய ஆட்டத்தில் தளர்ந்தும் இன்னொருவருடையதில் இறுகியும் போனது. ஒரு கிளப் என்பது பதினொரு பேர் மட்டுமல்ல. கடன், ஊர், அரசியல் எல்லாம் சேர்ந்தது என்று வேறெந்த விளையாட்டும் இவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தந்ததில்லை.

குறைகளும் சிறியவை அல்ல. பத்திரிகையாளர் சந்திப்பில் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டுகின்றன. தோற்றதும் கணினியை நிறுத்தி, முன்பே சேமித்த இடத்திலிருந்து மறுபடி ஆடுவது பலரின் வழக்கம், நானும் செய்திருக்கிறேன். அதைச் செய்த மறுகணம் காலத்துக்கு அர்த்தம் போய்விடுகிறது.

இவற்றைவிட என்னை உறுத்துவது எண்கள். வீரரின் ஒவ்வொரு குணத்துக்கும் 1 முதல் 20 வரை ஓர் எண் உண்டு. உள்ளே மறைவாக, அவர் எட்டக்கூடிய உச்சம் 200க்கு எவ்வளவு என்றும் எழுதப்பட்டிருக்கும். பல நாடுகளில் உள்ள ஆர்வலர்கள் மைதானம் மைதானமாகப் பார்த்துத் தரும் மதிப்பீடு அது. அந்த உழைப்பின் தரத்துக்குச் சான்றாக 2008இல் எவர்டன் கிளப்பே வீரர் தேடலுக்கு அந்தத் தரவுத்தளத்தைப் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டது. ஆனால் தவறும்போது அந்தச் சுமை ஒரு பிள்ளையின் தோளில் இறங்குகிறது. ‘சாம்பியன்ஷிப் மேனேஜர் 01/02’ ஆடியவர்களுக்குச் செர்னோ சாம்பா என்ற மில்வால் பையன் உலகின் மிகச் சிறந்த கோல் அடிப்பவர். நிஜத்தில் அவர் ஸ்பெயின், பின்லாந்து, நார்வே என்று சிறு கிளப்புகளில் ஆடி, காம்பியா நாட்டுக்காகவும் களமிறங்கினார். எத்தனை பிள்ளைகளுக்கு வாய்க்கும் வாழ்க்கை அது! இருந்தும் கணினி போட்ட எண்ணோடு ஒப்பிட்டு அவரை ‘வராமல் போனவர்’ என்கிறார்கள். ஏழை நாட்டுப் பதினேழு வயதுப் பையனை மலிவாக வாங்கி இரண்டு ஆண்டில் பத்து மடங்குக்கு விற்பதைத் திறமை என்று பழக்குவதும் இந்த விளையாட்டுத்தான். நிஜக் கால்பந்தின் நோயை அது அப்படியே காட்டுகிறது என்பது உண்மை. அதைக் கேள்வி கேட்க நமக்கு ஒரு பொத்தான்கூட அது தரவில்லை என்பதும் உண்மை.

மேனேஜர் விளையாட்டு நிஜப் பயிற்சியாளரை உருவாக்கும் என்ற பேச்சையும் அளந்தே ஏற்க வேண்டும். 2022 அக்டோபரில் ஏறத்தாழ 30 வயதில் பிரான்ஸின் ரெய்ம்ஸ் அணிப் பொறுப்பை ஏற்று, தொடக்கத்தில் தோல்வியே இல்லாமல் பல லீக் ஆட்டங்களைக் கடந்த வில் ஸ்டில்லை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். சிறுவயதில் அவர் இதை ஆடியவர்தான். அதற்குப் பிறகு இங்கிலாந்தில் பயிற்சியாளர் படிப்பு படித்தார், பெல்ஜியத்தில் காணொளி ஆய்வாளராக உட்கார்ந்து வேலை கற்றார். விளையாட்டு ஆசையை மூட்டியது. வேலையைக் கற்றுத்தந்தது வேலைதான்.

அப்படியிருந்தும், எதை ஆடுவாய் என்று கேட்டால் என் விரல் மேனேஜரை நோக்கியே போகும். நான் அதிக காலம் ஆடிய ஓர் ஆட்டத்தில், கிளப்பின் சொந்தப் பயிற்சிக்கூடத்திலிருந்து ஒரு நடுக்களப் பையன் வந்தான். உச்சத் திறன் எண் பெரிதாக இருந்திருக்காது; நான் தேடிப் பார்க்கவில்லை. பதினேழு சீசன் என்னோடு இருந்தான். இரண்டு முறை பெரிய கிளப்புகள் கேட்டும் விற்கவில்லை. ஒருநாள் ஓய்வு பெறுவதாகச் செய்தி வந்தது. அடுத்த ஜூலையில் இளையோர் அணிக்குப் பயிற்சியாளர் தேடி விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பட்டியலில் அவன் பெயர் இருந்தது. மற்றவர்களின் எண்களைப் பார்க்காமலேயே ஒப்பந்தத்தை அனுப்பினேன்.