கை தெரிகிறது, யோசனை தெரியவில்லை: பழைய மோட்டார்ஹோம் ரிப்பேர் வீடியோக்கள் பற்றி

பழைய மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களுக்காக யூடியூபில் வருகிற ரிப்பேர் வீடியோக்களை, குறிப்பாக ஜிஎம்சி மோட்டார்ஹோம் பற்றியவற்றை, தொடர்ந்து பார்த்துவருகிறேன். இந்த வண்டியைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் 1978 வரை அமெரிக்காவில் தயாரித்த வண்டி இது. 23 அடி, 26 அடி என்று இரண்டு நீளம். அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே. ஓல்ட்ஸ்மொபில் டொரனாடோ காரின் என்ஜினும் முன்சக்கர இயக்கமும்தான் இதற்கும். பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம், ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப்பை. மொத்தம் செய்தது ஏறத்தாழ 13,000 வண்டிகள்.

உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு நெருங்குகிறது. இதைத் தெரிந்த மெக்கானிக் பக்கத்துத் தெருவில் கிடைப்பதில்லை. ஆகவே வண்டி வைத்திருப்பவர் தானே ஸ்பேனர் எடுக்கிறார், எதிரே வீடியோவை ஓடவிட்டுக்கொள்கிறார். அவருக்கு அந்த வீடியோ பொழுதுபோக்கு இல்லை, வாத்தியார். வாத்தியாரை வாத்தியாராகத்தானே எடைபோட வேண்டும்?

என் புகார் ஒன்றுதான். பெரும்பாலான வீடியோக்கள் ஒரு பாகத்தை எப்படி மாற்றுவது என்று சொல்லித்தருகின்றன. அந்தப் பாகம்தான் கெட்டிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைச் சொல்வதே இல்லை.

ஒரு உதாரணம். வெயில் நாளில் மேடு ஏறும்போது என்ஜின் திணறி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. இந்த வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை இது. "வேப்பர் லாக்" என்பார்கள்: சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது, பம்ப்பால் ஆவியை இழுக்க முடிவதில்லை. வீடியோ சொல்கிற வைத்தியம், டேங்க் பக்கத்தில் ஒரு எலக்ட்ரிக் பம்ப் போடு. பதினைந்து நிமிஷத்தில் போட்டும் காட்டிவிடுகிறார்கள். வைத்தியம் தப்பில்லை, பலருக்குப் பலித்தும் இருக்கிறது.

ஆனால் அதே அறிகுறி வேறு காரணங்களாலும் வரும். ஃபில்டர் அடைத்திருக்கலாம். பழைய பம்ப் தளர்ந்திருக்கலாம். டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாய் வெடித்து, வழியில் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னதைத்தான் கவனிக்க வேண்டும். தொழிற்சாலை அமைப்பில் பம்ப் முன்னால் என்ஜினில் இருக்கிறது, அங்கிருந்து உறிஞ்சுகிறது. அதனால் நடுவில் இருக்கும் வெடிப்பு காற்றை உள்ளே இழுக்குமே தவிர, வண்டி ஓடும்போது பெட்ரோலைப் பெரிதாக வெளியே விடாது. கீழே ஈரமே தெரியாது. இப்போது டேங்க் பக்கத்தில் எலக்ட்ரிக் பம்ப் போட்டால் என்ன ஆகும்? நேற்றுவரை உறிஞ்சப்பட்ட குழாய் இன்று அழுத்தத்தில் இருக்கிறது. அதே வெடிப்பு வழியாக இப்போது பெட்ரோல் பீய்ச்சும். எழுபதுகளின் ரப்பர் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டதும் இல்லை. மேலே ஆட்கள் தூங்குகிற வண்டி இது, சாமி! முதலில் குழாய் எல்லாவற்றையும் மாற்று, என்ஜின் நின்றால் பம்ப்பும் தானாக நிற்க ஒரு சுவிட்ச் வை, பிறகு பம்ப்பைப் போடு. இந்த வரிசையைச் சொல்லாத வீடியோவில் ஒவ்வொரு காட்சியும் சரியாக இருந்தாலும் பாடம் ஆபத்தானது.

இந்தக் குறை எங்கிருந்து வந்தது? அச்சிலிருந்து வந்த சொத்து என்று நினைக்கிறேன். ஹேன்ஸ் கையேடுகள் தெரிந்திருக்கும். 1966ல் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காரோடு தொடங்கிய வரிசை. ஒரு வண்டியை உண்மையாகவே பிரித்து, படிக்குப் படி படம் பிடித்துப் போட்டார்கள். அது பெரிய காரியம். ஆனால் அந்த முறைக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: உன் வண்டியும் எங்கள் வண்டியும் ஒன்று. புது வண்டிக்கு அது சரி. ஐம்பது வருஷ மோட்டார்ஹோமில் நாலைந்து பேர் கைவைத்திருப்பார்கள். ஒருவர் கார்புரேட்டரைக் கழற்றி எறிந்திருப்பார், இன்னொருவர் பின் டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்றியிருப்பார், மூன்றாமவர் எல்லா வயரையும் ஒரே நிறத்தில் இழுத்துவிட்டுப் போயிருப்பார். இங்கே படிவரிசை பாதி தூரம்தான் வரும்.

ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் ஜெராக்ஸ் நகல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களோடு சுற்றி ஆராய்ந்து 1996ல் புத்தகம் எழுதினார். அவர் காட்டியது இது: நிறுவனம் கொடுத்த படிவரிசை கைவிட்ட இடங்களில், அவர்கள் ஒருவருக்கொருவர் கதை சொல்லித்தான் பழுதைப் பிடித்தார்கள். அன்றைக்கு ஒரு மெஷின் இப்படிப் பண்ணுச்சு, முதல்ல இதுன்னு நெனச்சோம், அப்புறம் பார்த்தா அது, என்கிற மாதிரிக் கதை. பழுதுபார்க்கும் அறிவு பெரும்பாலும் அந்த "அப்புறம் பார்த்தா"வில் இருக்கிறது. நம் வீடியோக்களில் எடிட்டிங் மேசையில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். துரு ஏறிய போல்ட் கழல மறுத்த இருபது நிமிஷம் போய்விடுகிறது. கழன்று வந்த போல்ட் மட்டும் பளிச்சென்று நிற்கிறது. பார்ப்பவர் தன் போல்ட் கழலாதபோது, கோளாறு தன் கையில்தான் என்று நினைத்து இன்னும் பலமாகத் திருகுகிறார். உடைகிறது.

பின்னணி இசை இன்னொரு கொடுமை. காற்று கசிகிற "ஸ்ஸ்", எக்ஸாஸ்ட் பக்கத்து "டிக் டிக்", கியர்பாக்ஸ் சங்கிலியின் இரைச்சல், இவையெல்லாம் சாட்சியங்கள். அதன்மேல் கிட்டார் போடுவது, டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கும்போது ரேடியோவைத் திருப்பிவிடுவது போல.

நல்லவை இல்லாமல் இல்லை. நான் மெச்சுகிற வகை பார்க்கச் சுமாராகத்தான் இருக்கும்: ஆடுகிற கேமரா, மங்கலான வெளிச்சம், வயதான குரல். ஆனால் அந்தக் குரல் முதலில் வண்டியின் வருஷத்தையும் அதில் செய்த மாற்றங்களையும் சொல்லும். எதையெல்லாம் சந்தேகப்பட்டு ஏன் விலக்கியது என்று சொல்லும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதே என்று, கேட்டுச் சலித்தாலும், மறுபடி சொல்லும். "இது இப்படி இருந்தால் நிறுத்திவிடு, தெரிந்தவரைக் கூப்பிடு" என்று எல்லையும் காட்டும்.

அவ்வளவு நீளமாக எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்கலாம். போகிறவன் வருகிறவன் பார்க்கமாட்டான்தான். ஆனால் வண்டிக்கடியில் படுத்திருப்பவர் பார்ப்பார், நாலு முறை பார்ப்பார். இந்த வண்டியை அது புதிதாக இருந்த காலம்தொட்டு அறிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பாகங்களை யாராவது திரும்ப வார்த்துக்கொள்ளலாம். அவர்கள் யோசித்த விதம் பதிவானால்தான் மிஞ்சும்.